சிவப்புப் புள்ளி வைத்த ஸ்பிரிங்

பாட்டில் மூடியைத் திறக்கத் தெரியாதவர்கள்தான் இந்த உலகத்தில் அதிகம். எல்லாரும் மூடியைப் பிடித்துத் திருகுகிறார்கள். மூடியை அசையாமல் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்ப வேண்டும். இதை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன், ஆபீசர். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. "அட, நீங்களே திறந்து குடுத்துடுங்க எல்வுட்" என்று நீட்டிவிடுவார்கள். நானும் திறந்து கொடுத்துவிடுவேன். அடுத்தவர்களுக்கு உதவாமல் என்னால் இருக்க முடியாது. இந்த வழக்கில் நீங்கள் முதலில் எழுதிக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

என் முழுப் பெயர் எல்வுட் ஸ்டக்கி. வயது எழுபத்தாறு. இண்டியானாவில் முப்பத்தெட்டு வருஷம் கராஜ் கதவு மாட்டினேன். ஆட்கள் கதவைப் பார்ப்பார்கள், நான் ஸ்பிரிங்கைப் பார்ப்பேன். ஸ்பிரிங் சரியாக இருந்தால் சுண்டுவிரலால் கதவைத் தூக்கிவிடலாம். இல்லையென்றால் பயில்வானே வந்தாலும் பப்பு வேகாது. என் மனைவி போன பிறகு, மூன்று வருஷத்துக்கு முன்னால், அரிசோனாவுக்கு வந்து, வயதானவர்கள் மட்டுமே இருக்கும் இந்த டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பில் ஒரு வீடு பிடித்தேன். இங்கே எல்லாருக்கும் கையில் மூட்டுவாதம். எல்லாருடைய கைப்பையிலும் துப்பாக்கி. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிஸ்டலின் மேல்பக்கம் ஸ்லைடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பின்னால் இழுத்து விட்டால்தான் முதல் தோட்டா உள்ளே போகும். உங்களுக்குத் தெரியும், இதைத் தட்டச்சு செய்கிற பெண்ணுக்காகச் சொல்கிறேன். உள்ளே ஒரு ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும். கட்டைவிரல் மூட்டு தேய்ந்தவர்களுக்கு அந்த இழுப்பு எமன்தான். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சுடுதளத்துக்குப் போய்ச் சுட்டுவிட்டு, துப்பாக்கியைக் காலி செய்துகொண்டு திரும்புவார்கள். திங்கட்கிழமை துணி துவைக்கிற நாள். செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு என் கார்க் கொட்டகைக்கு முன்னால் வரிசை நிற்கும். பதினொரு பேர். நான் ஒவ்வொரு பிஸ்டலாக வாங்கி, இழுத்து, தோட்டா ஏற்றிக் கொடுப்பேன். அதோடு அந்த வாரத்துக்கு அவர்களுக்குப் பாதுகாப்பு. பதிலுக்கு நான் எதுவும் கேட்டதில்லை. அவர்களாகவே எலுமிச்சை கேக், பன்றிக்கறி போட்ட பீன்ஸ், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்பு என்று கொண்டுவந்து வைப்பார்கள். மனம் நோகக்கூடாதே என்று சாப்பிடுவேன்.

வரிசையின் கடைசியில் எப்போதும் டெல்ஃபின் ராஸ்முசென் நிற்பாள். எழுபத்திரண்டு வயது, எனக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவள், நான்கு வருஷமாகத் தனியாக இருப்பவள். தன் சமையலறையில் வைத்து எங்கள் எல்லாருக்கும் முடி வெட்டிவிடுவாள். கடைசியில் நின்றால் என்னிடம் கூடக் கொஞ்ச நேரம் பேசலாம் என்றுதான் அப்படி நின்றாள் என்று நினைக்கிறேன். பர்னிஸ் டாலிவர், எங்கள் குடியிருப்பிலேயே மூத்தவள், அதெல்லாம் ஒன்றுமில்லை, டெல்ஃபினுக்கு எட்டு மணிக்கு ஒருவருக்கு முடி வெட்டும் வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டு வருகிறாள் என்பாள். பர்னிஸுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

டெல்ஃபினுக்கு வடக்கே பனி கொட்டும் ஃபார்கோ நகரத்தில் ஒரு மகன், கோர்டி என்று பெயர். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவள் கடைக்குப் போயிருந்தபோது யாரோ வீட்டைத் திறந்து மைக்ரோவேவ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றிலிருந்து அந்தப் பையன் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டான், அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்துவிட்டேன், கிளம்பி வா என்று. டெல்ஃபினுக்கு இந்த வீடுதான் உயிர். வெயில் வேண்டும், தன் கத்தரிக்கோல் வேண்டும், தன் சாவி தன்னிடம் இருக்க வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அதை அவளே என்னிடம் சொன்னாள்.

"'அம்மா, அந்தத் துப்பாக்கிய நீயே இழுத்து லோடு பண்ணி என் கண்ணு முன்னாடி காட்டு. காட்டிட்டா அங்கயே இரு, நான் வாயே தொறக்க மாட்டேன்'ங்கறான். பக்கத்து வீட்டுக்காரர் இழுத்துக் குடுக்கறது கணக்குல வராதாம்."

எனக்கு அது பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஏன் கணக்கில் வரக்கூடாது?

அந்தச் சமயத்தில்தான் ஊருக்குள் இருக்கிற துப்பாக்கிக் கடைக்கு இனெஸ் பராகான் என்கிற அம்மாள் வந்தாள். அதற்கு முன்னால் அங்கே இருந்தவன் வயதான பெண்கள் வந்தால் போதும், பொம்மை மாதிரி ஒரு குட்டி ரிவால்வரை எடுத்து நீட்டுவான். "கைக்கு அடக்கமா இருக்கு பாருங்க." அடக்கம்தான். ஆனால் அதன் விசையை இழுக்க இரண்டு விரல் வேண்டும், எடை இல்லாததால் சுட்டால் எகிறும். பர்னிஸ் ஒரே ஒரு தடவை சுட்டாள். அது திரும்பி வந்து அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தது. ஒரு வாரம் புடைப்பு. அப்படி வாங்கியவர்கள் எல்லாரும் கடைசியில் பழைய பிஸ்டலுக்கே திரும்பி என் வரிசைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பழைய கடைக்காரன் நல்ல பையன்.

இனெஸ் வேறு ரகம். இருபது வருஷம் பல் சுத்தம் செய்கிற வேலை பார்த்து அவளுடைய விரல்களும் கோணிப் போயிருந்தன. சுவரில் "தன் கையே தனக்கு உதவி" என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டியிருந்தாள். எங்கள் ஆட்களிடம் அவள் சொன்னதை நானே கேட்டேன்.

"சாயங்காலம் வராதீங்க. காலைல எழுந்ததும், மாத்திரை போடறதுக்கு முன்னாடி வாங்க. கை நல்லா இருக்கற நேரத்துல பாத்து வாங்கின துப்பாக்கி, வலிக்கற நேரத்துல காலை வாரிடும். நான் இழுத்துக் காட்ட மாட்டேன். அவரும் காட்டக்கூடாது. நீங்களே இழுத்துப் பாருங்க."

அவர் என்றது என்னை. நான் உதவிக்குத்தான் கூடப் போயிருந்தேன். "சார், நீங்க அந்த நாற்காலில உக்காந்து கைய மடில வச்சுக்குங்க" என்றாள். பதினொரு பேருக்கு முன்னால்.

அவள் எடுத்துக் கொடுத்த பிஸ்டல் நல்ல பிஸ்டல். அதில் குறை சொல்ல மாட்டேன். கொஞ்சம் கனம், அதனால் எகிறாது. ஸ்லைடில் பிடிமானத்துக்கு அகலமான வரிகள். உள்ளே மென்மையான ஸ்பிரிங். பத்துப் பவுண்டு இழுத்தால் வந்துவிடும். டெல்ஃபின் இழுத்தாள், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்தது. "ஐயோ, வருதே!" என்று கடையே அதிரக் கத்தினாள். மறுபடி இழுத்தாள். குழந்தை மாதிரி ஏழெட்டுத் தடவை இழுத்தாள். அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே வாங்க ஆரம்பித்தார்கள்.

அடுத்த செவ்வாய் வரிசையில் ஏழு பேர். அதற்கடுத்த வாரம் மூன்று. அதற்கடுத்த வாரம் நான் காபி போட்டு வைத்துக்கொண்டு ஒன்பதரை வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பூனை வந்தது. உள்ளே போய் அழுதேன், ஆபீசர். சொல்வதற்கு வெட்கமில்லை. இந்த வயதில் ஒரு மனிதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் யாரும் வராமல் போவதும் என்ன என்று உங்கள் வயதில் தெரியாது.

அதற்குப் பிறகுதான் யோசித்தேன். துப்பாக்கியை இழுத்துவிட்டார்கள், சரி. அதைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட அந்த விரல்களால் முடியுமா? முடியாது. அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டினேன். மாதத்தின் முதல் சனிக்கிழமை, பிஸ்டல் சுத்தம் செய்து தரப்படும், இலவசம். பதினொரு பேரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். "நீங்க இல்லன்னா நாங்க என்ன பண்ணுவோம்" என்றுகூட ஒருத்தி சொன்னாள். அது என் மனதைத் தொட்டது.

சுத்தம் செய்தேன். எண்ணெயும் போட்டேன். ஸ்பிரிங்கையும் மாற்றினேன்.

ஒரேயடியாகக் கனமாக்குவது மனிதத்தன்மை இல்லை. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, படிப்படியாக ஏற்றினேன். கடினமான ஸ்பிரிங்குகளைத் தபாலில் வரவழைத்தேன். கராஜ் கதவுக்காரன் எடைக்கு ஏற்ற மாதிரி ஸ்பிரிங்கில் பெயிண்ட் புள்ளி வைப்பான். வெள்ளை, மஞ்சள், நீலம், சிவப்பு. எந்த வீட்டில் எது இருக்கிறது என்று பிறகு வருகிறவனுக்குத் தெரிய வேண்டுமே. நானும் வைத்தேன். அடையாளம் போடாமல் ஒரு ஸ்பிரிங்கை மாட்ட என் கை வராது. எந்தத் தப்பு செய்தாலும் வேலையில் ஒழுங்கு வேண்டும்.

மூன்றாவது மாதத்தில் வரிசை திரும்பி வந்துவிட்டது. யாரும் துப்பாக்கியைச் சந்தேகப்படவில்லை. வயதானவர்கள் முதலில் தங்களைத்தான் சந்தேகப்படுவார்கள். கை போய்விட்டது என்றார்கள். பர்னிஸ், ஒரு ஸ்லைடை இழுக்க முடியாத கைக்கு ஸ்டீயரிங் எதற்கு என்று குடியிருப்புக்குள் கோல்ஃப் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டாள். அவள் வாய்க்கு அது நல்லதுதான், நடந்தால் மூச்சு வாங்கும், பேச முடியாது. க்ளெட்டஸ் என்பவர் ஐம்பது வருஷமாக வாசித்த பேன்ஜோவை விற்றுவிட்டார். நாலைந்து பேர் விரல் மூட்டில் ஊசி போட்டுக்கொண்டார்கள். ஊசி அவர்களாகப் போட்டுக்கொண்டது. நான் போடச் சொல்லவில்லை.

ஆபத்து என்கிறீர்கள். அந்தக் காட்டுப்பன்றி விஷயத்தைத்தானே சொல்கிறீர்கள்? அன்று பொதுக்கூடத்தில் எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து விருந்து. துப்பாக்கியெல்லாம் காலி, ஏனென்றால் அது திங்கட்கிழமை மத்தியானம். வெளிக்கதவைத் தள்ளிக்கொண்டு பன்றி உள்ளே வந்தது. பதினொரு பேரும் ஒரே நேரத்தில் கைப்பையைத் திறந்து, துப்பாக்கியை எடுத்து, தோட்டா அடுக்கிய மேகசினைப் போட்டு, இழுக்க ஆரம்பித்தார்கள். முக்கினார்கள், முனகினார்கள். ஒருத்தி முழங்காலுக்கிடையில் வைத்து இழுத்தாள். க்ளெட்டஸ் பல்லால் இழுக்கப் பார்த்தார், பல் கையோடு வந்தது. பன்றி நிதானமாக உருளைக்கிழங்கு சாலட்டை முடித்துவிட்டு, வந்த வழியே போனது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அந்தப் பதினொரு பேரும் அந்தச் சின்னக் கூடத்துக்குள் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு விதத்தில் பார்த்தால் பதினொரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன். அதற்கு எனக்கு யாரும் பதக்கம் தரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

டெல்ஃபின்தான் ரொம்ப உடைந்துபோனாள். நான்காம் மாதம் முடி வெட்டுவதை நிறுத்திவிட்டாள். கத்தரிக்கோலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். ஒரு செவ்வாய்க்கிழமை என் கொட்டகையில் உட்கார்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கடையில எவ்வளவு அழகா வந்துது எல்வுட். ஆறு மாசத்துக்குள்ள இப்படி ஆயிடுமா ஒரு கை?"

"வயசாச்சு இல்லையா" என்றேன். "நான் இருக்கேனே. கல்யாணம் பண்ணிக்கிட்டா ஒரே வீடு. தினமும் நானே இழுத்துத் தர்றேன்."

அவள் சிரித்தாள். கெட்ட சிரிப்பு இல்லை. "நீங்க நல்ல மனுஷன்தான். ஆனா எனக்கு வேண்டியது புருஷன் இல்ல எல்வுட், என் கை" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அர்த்தம்.

போன வெள்ளிக்கிழமை கோர்டி வந்தான். ஆறடி உயரம், வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குச் சோதனை என்று சொன்னான். சனிக்கிழமை விடிந்ததும் டெல்ஃபின் பிஸ்டலை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள்.

"நல்லா எண்ணெய் போட்டுக் குடுங்க. இன்னிக்கு ஒரே ஒரு தடவை வந்தாப் போதும். வந்துட்டா கோர்டி ஒத்துக்குவான், இனிமே நான் யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல."

எண்ணெய் போட்டுக் கொடுத்தேன்.

பத்து மணிக்கு அவளுடைய சமையலறையில் நாங்கள் நான்கைந்து பேர் நின்றோம். அவள் இழுத்தாள். வரவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். முகம் சிவந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பாதி தூரம் வந்தது, அவ்வளவுதான். மூன்றாவது தடவை கோர்டியே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "போதும்மா. விடும்மா." டெல்ஃபின் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து தட்டுகளை எடுத்துச் செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்தாள். திங்கட்கிழமை லாரி வருவதாக முடிவாயிற்று.

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. கை போய்விட்டால் உதவிக்கு ஆள் தேடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஊரை விட்டே போவார்கள் என்று யாராவது நினைப்பார்களா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

திங்கட்கிழமை லாரியில் பாதி சாமான் ஏறிவிட்டது. அப்போது இனெஸ் பராகானின் பழைய கார் வந்து நின்றது. இறங்கும்போதே அவள் கையில் பயணப்பெட்டி எடை பார்க்கிற கொக்கித் தராசு. "நான் வித்த பதினொரு துப்பாக்கியும் உதவாதுன்னு பதினொரு பேரும் போன் பண்ணிட்டாங்க. கை எல்லாருக்கும் ஒரே மாசத்துலயா போகும்? எடுங்க ஒண்ண" என்றாள். டெல்ஃபினுடையதுதான் முதலில் கிடைத்தது. காலியா என்று பார்த்துவிட்டுத் தராசை மாட்டி இழுத்தாள். அவளாலும் முழுக்க இழுக்க முடியவில்லை, கோர்டியை இழுக்கச் சொன்னாள். இருபத்தேழு பவுண்டு.

"நான் குடுத்தது பத்து" என்றாள் இனெஸ்.

கோர்டி அதைப் பிரித்து ஸ்பிரிங்கை வெளியே எடுத்தான். நுனியில் சிவப்புப் புள்ளி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் பெயிண்டால் கெட்டேன். பர்னிஸ்தான் கண்டுபிடித்தாள். போன வருஷம் அவளுடைய கராஜ் கதவை நான்தான் சரிசெய்து கொடுத்திருந்தேன். "இந்தப் புள்ளிய எங்க வீட்டுக் கதவுல பாத்திருக்கேனே" என்றாள். நடக்க விட்டும் அவள் வாய் குறையவில்லை.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். டெல்ஃபின் மட்டும் கேட்டாள். "என் ஸ்பிரிங் எங்க, எல்வுட்?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. நீங்கள் இதை இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள், அதனால் முழுசாகச் சொல்கிறேன். அவள் எண்ணெய் போடச் சொல்லிக் கொடுத்தபோது உள்ளே இருந்தது நீலப்புள்ளி. அதை எடுத்துவிட்டு அவளுடைய சொந்த ஸ்பிரிங்கை மாட்டத்தான் வெளியே எடுத்தேன். சத்தியமாக. அப்புறம் 'இனிமே யாரையும் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல' என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. யாரையும் என்றால் என்னைத்தானே. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சிவப்பை மாட்டினேன். அவள் இழுத்து இழுத்து அழுதபோது அது என் நெஞ்சுக்கு மேல்தான் இருந்தது.

கோர்டி அவளுடைய ஸ்பிரிங்கை மாட்டிக் கொடுத்தான். அவள் இழுத்தாள். எங்கே கையோடு வந்துவிடுமோ என்கிற வேகத்தில் வந்தது. துப்பாக்கியை மகனிடம் கொடுத்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"உதவி பண்ற ஆளா நீ? உன் உதவில இடி விழ!"

சொல்லிக்கொண்டே கன்னத்தில் ஒன்று விட்டாள். மூன்று வருஷத்தில் கத்தரிக்கோல் இல்லாமல் அவள் என்னைத் தொட்டது அன்றுதான்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். ஐந்து விரலும் பதிந்திருந்தன. கட்டைவிரல்தான் எல்லாவற்றையும் விட அழுத்தம். ஐந்து மாதம் கனமான ஸ்பிரிங்கை இழுத்துப் பழகாத கைக்கு அந்தப் பலம் வராது, ஆபீசர். ஊசியால் ஆகாதது என்னால் ஆகியிருக்கிறது. லாரி சாமானை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிப் போயிற்று, கோர்டியும் போய்விட்டான். அவள் தன் வீட்டிலேயே இருக்கிறாள். நீங்கள் காட்டிய புகாரிலும் அவள் கையெழுத்தைப் பார்த்தேன், ஒரு நடுக்கம் இல்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்புவேன். அவள் நன்றி சொல்ல வரும்போது நான் வீட்டில் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது.